ஜன்னலில் நின்றவள்: 'லேக் மங்கோ' முடிவைப் பற்றி அக்கா மகளுக்கு

அம்மிணி,

நேத்து ராத்திரி நீ அனுப்பிய கேள்வியைக் காலையில் ஸ்டுடியோ ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் பார்த்தேன். "மாமா, ஹாஸ்டல்ல நாலு பேரு சேந்து 'லேக் மங்கோ' பாத்தோம். கடைசியில ஆலிஸ் ஜன்னல்ல நிக்கறா. அப்ப பேய் நெசமா? ரூமுக்குள்ள ஆருமில்லைன்னு அவங்கம்மா ஏன் சொல்றாங்க? போன்ல வந்த மூஞ்சி ஆரோடது? இது நல்ல முடிவா, கெட்ட முடிவா?" கொழிஞ்சாம்பாறையில் இந்த மாதம் கல்யாண ஆர்டர் குறைவு. அதனால் உட்கார்ந்தே எழுதிவிடுகிறேன்.

பாதியில் தூங்கிப்போனாள் என்று சொன்னாயே, அந்தத் தோழிக்காகக் கதையைச் சுருக்கிக்கொள்கிறேன். 2008இல் வந்த ஆஸ்திரேலியப் படம். எழுதி இயக்கியவர் ஜோயல் ஆண்டர்சன். டிவியில் வரும் ஆவணப்படம் போலவே எடுத்திருக்கிறார்: பேட்டிகள், பழைய போட்டோக்கள், வீடியோ துண்டுகள். நடிகர்களுக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. சந்தர்ப்பத்தைச் சொல்லிப் பேசவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்த அம்மா பேசும்போது நம்ம எதிர்வீட்டு அக்கா எழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கிறது. விக்டோரியா மாநிலத்து அராரட் ஊர்ப் பக்கம் ஓர் அணை. பால்மர் குடும்பம் குளிக்கப் போன இடத்தில் 16 வயது மகள் ஆலிஸ் மூழ்கிப்போகிறாள். உடலை அடையாளம் காட்டியவர் அப்பா ரஸ்ஸல். அம்மா ஜூன் பார்க்கவில்லை. பிறகு வீட்டில் சத்தம், நிழல். ஆலிஸோடு கூடப்பிறந்த மாத்யூ கேமரா வைக்கிறான். படங்களில் ஆலிஸ் தெரிகிறாள். புதைத்த உடலைத் தோண்டி டிஎன்ஏ சோதனை பண்ணுகிறார்கள், அவளேதான். அப்புறம் அந்தப் பேய்ப் படங்கள் எல்லாம் மாத்யூவின் கைவேலை என்று தெரியவருகிறது. ஆனால் அவனுடைய வீடியோ ஒன்றின் இருட்டு மூலையில், பக்கத்து வீட்டுக்காரன் ஆலிஸின் அறைக்குள் எதையோ தேடுவது பதிவாகியிருக்கிறது. அவன் தேடியது ஒரு டேப்பை. அவனும் அவன் பெண்டாட்டியும் அந்தப் பிள்ளையைச் சீரழித்ததன் பதிவு அது. கடைசியில் லேக் மங்கோ என்ற வறண்ட ஏரியில் ஆலிஸ் புதைத்துவைத்த செல்போன் கிடைக்கிறது. இருட்டிலிருந்து ஓர் உருவம் அவளை நோக்கி வருவதை அவள் எடுத்த வீடியோ அதில் இருக்கிறது. அதைப் பார்த்து மனம் ஆறி, குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. போகும்முன் வீட்டு வாசலில் நின்று ஒரு போட்டோ. அவர்களுக்குப் பின்னால் ஜன்னலில் ஆலிஸ்.

உன் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். பேய் நெசம். படத்தின் கதைக்குள் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்பது என் கட்சி. ஆனால் முடிவின் கொடுமை அந்தப் பெண் அங்கே நிற்பதில் இல்லை. உயிரோடு இருந்தபோதும் செத்த பிறகும் அவள் அந்த வீட்டில் ஒரே மாதிரிதான் நின்றுகொண்டிருந்தாள், அந்த மூலைப் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை என்பதில் இருக்கிறது.

படம் பார்த்த நிறையப் பேர் சொல்லும் விளக்கம் வேறு. பேய் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் துக்கம், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மனசு உண்டாக்கிய உருவம் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. படமும் முக்கால்வாசி அப்படித்தான் நடக்கிறது. ஆனால் பெயர்ப் பட்டியல் ஓடும்போது என்ன காட்டினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? நாம் முன்பே பார்த்த அதே படங்கள், அதே வீடியோக்கள் திரும்ப வருகின்றன. இந்தத் தடவை நம் கண் வேறு பக்கம் கொண்டுபோகப்படுகிறது. மாத்யூவின் பொய்ப் பேயை எல்லாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அதே படச்சட்டத்தில், வேறோர் இடத்தில் நெசமான ஆலிஸ். மனசு உண்டாக்கிய உருவம் என்றால் அந்த மனசுக்குச் சொந்தக்காரர் அதைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? இங்கே அம்மாவும் பார்க்கவில்லை, அப்பாவும் பார்க்கவில்லை. பார்த்தது கேமரா மட்டும். கேமராவுக்குத் துக்கம் கிடையாது, அம்மிணி. முன்னால் இருந்தால் விழும், இல்லாவிட்டால் விழாது.

அந்தக் கடைசிப் படமும் ஏன் மாத்யூவின் கைவேலையாக இருக்கக்கூடாது என்று நீ கேட்கலாம். ஞாயமான கேள்விதான். போட்டோ என்ற தொழில் பிறந்த சில காலத்திலேயே இந்த வியாபாரமும் பிறந்துவிட்டது. அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்று ஒருவர், 1860களில், உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் செத்துப்போன சொந்தக்காரர் மங்கலாக நிற்பது போலப் படம் எடுத்துக் கொடுத்தார். 1869இல் அவர்மேல் மோசடி வழக்கு நடந்து, அதிலிருந்து தப்பித்தும் வந்தார். சுட்டுக் கொல்லப்பட்ட லிங்கன், விதவை மனைவியின் தோளில் கை வைத்து நிற்பதாக இருக்கும் படமும் அவர் எடுத்ததுதான். ஒரே கண்ணாடித் தகட்டில் இரண்டு தடவை ஒளி விழவைத்தால் இதைச் செய்யலாம். வித்தை தெரிந்தவருக்குப் பெரிய வேலை இல்லை. தெரியாதவருக்கு அது அற்புதம்.

நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன்தான். நம்ம பக்கத்து எந்த ஸ்டுடியோக்காரனும் செய்திருப்பான். செத்த அப்பாவைக் கல்யாண குரூப் போட்டோவில் சேர்த்துக் கொடு என்று வருவார்கள். பல வருடம் முன்பு ஓர் அம்மா வந்தார். மகள் காய்ச்சலில் போய்விட்டாள். கையில் இருந்தது ஸ்கூல் அடையாள அட்டைப் படம் ஒன்று மட்டும். குடும்பப் படத்தில் நடுவில் நிற்கவை என்றார். நிற்கவைத்தேன். மற்றவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்திருந்தது, அந்தப் பிள்ளைக்கு நேர் எதிரிலிருந்து ஃபிளாஷ். எவ்வளவு டச்சப் பண்ணியும் அது முழுசாக மறையவில்லை. அந்த அம்மா படத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து அந்த அப்பா லேமினேஷன் போட வந்தபோது மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் ஒரு பக்கம் பாக்கறோம், அவ மட்டும் வேற எங்கயோ பாக்கறா." அந்த அம்மாவுக்கு அது கடைசிவரை தெரியவில்லை. தெரியவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். பொய்யாகச் சேர்த்த உருவம் எப்போதும் கண் போகும் இடத்தில்தான் நிற்கும். காசு கொடுத்தவருக்குத் தெரிய வேண்டுமே. மாத்யூவின் பேய்களைப் பார், எல்லாம் கண்ணில் படுகிற இடத்தில் நிற்கின்றன. அவன் காரணமும் அம்மாவுக்காகத்தான். அம்மாவின் சந்தேகத்துக்கு ஒரு வழி திறந்துவிடப் பார்த்தான். பெயர்ப் பட்டியலில் வரும் ஆலிஸ் அப்படியா நிற்கிறாள்? ஒருத்தருக்கும் தெரியாத இடத்தில் நிற்கிறாள். யாருக்கும் காட்டாத பொய்யை யார் மெனக்கெட்டுச் செய்வார்கள்?

இதில் எனக்கே பதில் பிடிபடாத ஒரு குறும்புக் கேள்வி உண்டு. அந்த மூலைகளை நமக்கு எடுத்துக் காட்டுகிறவர் யார்? கதைப்படி ஆவணப்படம் எடுக்க வந்த ஆட்கள்தான். அப்படியானால் அவர்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்தும் அந்தக் குடும்பத்திடம் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு அந்த ஜன்னலைவிடவும் அதிகமாகக் குளிர் எடுக்கிறது.

இனி அந்த அறை. ரே என்று ஒருவர் வருகிறார் அல்லவா, ஜூனைக் கண்மூடவைத்து மனசுக்குள் வீட்டுக்குள்ளே நடக்கச் சொல்கிறவர். நம்ம ஊரில் என்றால் சோழி உருட்டிப் பிரசன்னம் பார்க்கிறவர் என்று வைத்துக்கொள். ஆலிஸ் சாவதற்குச் சில மாதம் முன்பு அவளே இந்த ஆளிடம் போயிருக்கிறாள். அவர் அதைக் குடும்பத்திடம் மறைத்துவிட்டார். அவள் சொன்னதை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அவர் சொல்லும் ஞாயம். எனக்கு அந்த மனுஷனை மன்னிக்க முடியவில்லை. பாலக்காட்டில் ஒரு பணிக்கர், செத்த பெண்ணின் ஜாதகத்தை முன்பே பார்த்தவர், தாய் வந்து எதிரில் உட்காரும்போது புதுசாகப் பார்ப்பதுபோலக் களத்தில் சோழி போட்டால் நீ சும்மா இருப்பாயா?

முடிவில் இரண்டு பதிவுகளையும் பின்னிக் காட்டுகிறார்கள். ஒன்றில் ஜூன், கண் மூடியபடி, மகளின் அறைக்குள் போகிறார். இன்னொன்றில், பல மாதம் முன்பு, ஆலிஸும் கண் மூடியபடி அதே அறையில் இருக்கிறாள். அம்மா வருகிறாள் என்கிறாள். அம்மா அங்கே யாருமில்லை என்கிறார். மகள், அம்மா என்னைப் பார்க்காமல் போய்விட்டாள் என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே நிமிஷத்தில் இருப்பது போல வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஜூனுக்கு அந்தக் காலி அறை விடுதலை. ஆலிஸ் போய்விட்டாள், இனி நாமும் போகலாம் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அதே காலி அறையில் ஆலிஸ் உட்கார்ந்திருக்கிறாள். உன் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: ஜூன் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை. மகள் உயிரோடு இருந்தபோதும் தெரியவில்லை. தன் தாய் தன்னிடம் எப்படி ஒதுங்கி இருந்தாரோ அப்படித்தான் தானும் மகளிடம் இருந்துவிட்டதாக அவரே பேட்டியில் சொல்கிறார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டால் பாதிப் படம் திறந்துவிடும்.

இப்போது போன். 2005, 2006 வாக்கில் வந்த சாதா போன்களில் வீடியோ என்றால் பெரும்பாலும் 176க்கு 144 புள்ளி. மொத்தம் 25,344. இன்றைக்கு உன் கையில் இருக்கும் போனின் முழு எச்டி வீடியோவில் 20 லட்சத்துக்கு மேல். அதாவது 80 மடங்குக்கும் மேல். வெளிச்சமும் இல்லாவிட்டால் அந்தப் பழைய போன் கறுப்புக் கட்டங்களாகத்தான் கொட்டும். கட்டங்களுக்குள் மூஞ்சி தேடுவது மனுஷ கண்ணின் பழக்கம். சுவர்க் காரை பெயர்ந்த இடத்தில் அம்மன் முகம் தெரிகிறது என்று கூட்டம் கூடுவதும் அதனால்தான். இயக்குநர் இந்தப் பலவீனத்தைப் படம் முழுக்கப் பயன்படுத்துகிறார். ஆனால் அந்த ஒரு காட்சியில் மட்டும் ஏமாற்றவில்லை. இருட்டிலிருந்து வரும் உருவம் கிட்டே வர வர முகம் தெளிகிறது. தண்ணீரில் ஊறி உப்பிய முகம். ஆலிஸின் முகம். அடையாளம் காட்டப்போன அப்பா பின்னால் பார்க்கப்போகிற அதே முகம்.

அந்தப் போன் புதைக்கப்பட்டபோது அவள் உயிரோடு இருக்கிறாள். ஆக, அவள் பார்த்தது தன்னுடைய வரப்போகும் சாவை. படத்தில் அவள் குரல் சொல்வதைக் கவனி: ஏதோ கெட்டது நடக்கப்போகிறது, நடந்தும் விட்டது, இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை, வந்துகொண்டே இருக்கிறது என்கிறாள். நம்ம ஊர்ப் பேய்கள் எல்லாம் பழைய பாக்கி வசூலிக்க வருகிறவை. ஏழிலைப்பாலை அடியில் நிற்கும் யட்சி சுண்ணாம்பு கேட்பாள். குட்டிச்சாத்தான் கூரைமேல் கல் எறிந்து தன் பங்கைக் கேட்பான். கொடுத்துவிட்டால், கட்டிவிட்டால், ஆணி அடித்துவிட்டால் முடிந்தது. ஆலிஸ் ஒன்றும் கேட்பதில்லை. அவள் பேய் பின்னாலிருந்து துரத்துவதும் இல்லை, முன்னாலிருந்து நடந்து வருகிறது. அதனால்தான் பக்கத்து வீட்டு அக்கிரமம் வெளிவந்த பிறகும் அவள் போகவில்லை. வழக்கமான படமாக இருந்தால் ரகசியம் உடைந்ததும் ஆவி சாந்தியாகிவிடும். இங்கே அந்த ரகசியம் அவளுடைய தனிமைக்கு ஒரு காரணம் மட்டும்தான். முழுக் காரணம் இல்லை.

காலம் தலைகீழாக ஓடுவதற்குப் படம் ஆரம்பத்திலேயே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. அந்தத் துக்கத்தின் நடுவே வீடு திரும்பும்போது கார் முன்னால் நகர மறுத்து, வழி முழுக்க ரிவர்ஸிலேயே ஓட்டி வருவார்களே. அந்த இடத்தில் நீங்கள் சிரித்திருப்பீர்கள். நானும் முதல் தடவை சிரித்தேன்.

ஏன் லேக் மங்கோ என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஏரி என்று பெயர், தண்ணீர் கிடையாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பல ஆயிரம் வருடம் முன்பே வறண்டுபோன படுகை. நல்ல வறட்சி வருடத்தில் முதலமடைப் பக்கம் மீன்கரை அணைக்குப் போயிருக்கிறாயா? தண்ணீர் சுருங்கி ஒரு மூலைக்குப் போய், மற்ற இடமெல்லாம் சேறு வெடித்து, மாடு மேய்ந்துகொண்டிருக்கும். எங்கே நீந்தினோமோ அங்கே செருப்போடு நடக்கலாம். மூழ்கிச் சாகப்போகிற ஒருத்தி, தன் மூழ்கிய முகத்தைத் தண்ணீரே இல்லாத ஏரியில் சந்திக்கிறாள். அந்தத் தண்ணீர் இன்னும் அவளிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1968இல் ஜிம் பௌலர் என்ற புவியியலாளர் அங்கே மணல் மேட்டில் அரித்து வெளிவந்த எலும்புகளைக் கண்டார். ஒரு பெண்ணுடையவை. சுமார் 40,000 வருடம் பழசு. எரித்து, எலும்பை உடைத்து, மறுபடி எரித்து, புதைத்திருக்கிறார்கள். உலகத்தில் தெரிந்த மிகப் பழைய தகனங்களில் ஒன்று. 1974இல் ஓர் ஆணின் எலும்புகள், செங்காவி தூவிப் புதைத்தவை, கிடைத்தன. ஆராய்ச்சிக்கென்று எடுத்துப் போனார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகள் விடாமல் கேட்டுக் கேட்டு, பெண்ணின் எலும்புகள் 1992இலும், ஆணுடையவை 2017இலும்தான் திரும்பி வந்தன. புதைத்ததைத் தோண்டி எடுத்தால் உனக்கு விஷயம் தெரியலாம், ஆனால் எடுக்கப்பட்டவருக்கு அதில் என்ன கிடைத்தது? ஆலிஸையும் தோண்டினார்கள், அவள் போனையும் தோண்டினார்கள். இயக்குநர் இதையெல்லாம் நினைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தார் என்று நான் வாதாட வரவில்லை. அந்த இடத்துக்கு அந்தக் கனம் இருக்கிறது, படத்தின்மேல் அது விழுகிறது.

ஜூனின் அந்தத் தோண்டும் ஆசை மட்டும் எனக்கு நன்றாகப் புரிகிறது. உங்க தாத்தா போனபோது மூத்த அத்தை கோயமுத்தூரிலிருந்து வர நேரமாகி, வேலந்தாவளம் தாண்டுவதற்குள் இங்கே எடுத்துவிட்டார்கள். பிற்பாடு அஸ்தி கரைக்கத் திருவில்வாமலை ஐவர் மடத்துக்குப் போனபோது பானையைக் கையில் வாங்கிய அத்தை, "இது அப்பாதானா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. மூஞ்சி பார்க்காமல் அனுப்பினால் மனசு ஆறாது என்று உங்க பாட்டி இன்றைக்கும் சொல்வாள். ஜூனுக்கு டிஎன்ஏ காகிதம் கிடைத்தது, மூஞ்சி கிடைக்கவில்லை. போனில் ஒருவழியாக அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டார். அதனால்தான் அவரால் கிளம்ப முடிந்தது.

அப்படியானால் நல்ல முடிவா, கெட்ட முடிவா? உயிரோடு இருக்கும் மூன்று பேருக்கு நல்ல முடிவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; எத்தனை நாள்தான் அழுவார்கள்? ஆலிஸ் குடும்பத்தை வழியனுப்பத்தான் ஜன்னலில் நிற்கிறாள், அவளுக்கும் சாந்திதான் என்று சொல்பவர்கள் உண்டு. உன் தோழிகளில் ஒருத்தியாவது அப்படிச் சொல்லியிருப்பாள். நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழியனுப்ப வருகிறவள் வாசலுக்கு வருவாள். இவள் உள்ளேயே நிற்கிறாள். முன்னால் இருக்கும் மூவரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். போட்டோ எடுக்கும்போது அப்படித்தானே நிற்பார்கள்.

தொழில் புத்தி, கடைசியாக ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டை விட்டுப் போகும்போது எடுத்த படம் அது, நிச்சயம் பிரிண்ட் போட்டுப் புது வீட்டில் மாட்டியிருப்பார்கள். 4க்கு 6 போட்டிருந்தால் அந்த ஜன்னல் ஒரு நகக்கண் அளவுதான் இருக்கும், ஒன்றும் தெரியாது. 12க்கு 18 போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.